இரண்டு லட்ச ரூபாய் பேஸ் கிடாரில் அப்படி என்ன இருக்கிறது? வாங்கும் முன் கையாலும் காதாலும் பார்க்க வேண்டியவை

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வரவேற்புக் கச்சேரியில் பேஸ், அதாவது கீழ் ஸ்வரங்களுக்கான கிடார், வாசித்து முடித்துக் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். காலேஜ் படிக்கிற ஒரு பையன் மேடை ஓரமாக வந்து நின்றான். "அண்ணாச்சி, இந்த பேஸ் என்ன விலை?" என்று கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கிட்ட இருக்கிறதுலயும் இதே அஞ்சு கம்பிதான், பதினெட்டாயிரம்தான் ஆச்சு. உங்களுதுல அப்படி என்ன அண்ணாச்சி இருக்கு?" என்றான்.

நியாயமான கேள்வி. மண்டபத்துப் படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினோம். அன்றைக்குப் பேசியதையும் பேச விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சிலும், சித்திரை வந்தால் கோயில் கொடைத் திருவிழாக்களிலும், மற்ற நாட்களில் கல்யாணங்களிலும் வாசிக்கிறேன். கடை வைத்திருப்பவன் இல்லை, எந்தக் கம்பெனிக்கும் வேண்டியவனும் இல்லை.

முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். விலை கூடிய பேஸில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது ஒரே சீரை. எந்தக் கம்பியில், எந்த ஃப்ரெட்டில் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) விரல் வைத்தாலும், மே மாத வெயிலிலும் ஐப்பசி அடைமழையிலும், சத்தம் ஒரே கனத்தில் வர வேண்டும். சத்தத்தைப் பெரிசாக்குகிற ஆம்ப்பில் வாங்குவது, அந்தச் சீர் மெதுவாக வைத்தாலும் ஏற்றி வைத்தாலும் கலையாமல் கடைசி வரிசையில் நிற்கிறவர் வரை போய்ச் சேருவதை. இந்த இரண்டுக்கும் உதவாத எதற்கும் கூடுதலாக ஒரு ரூபாய் கொடுக்கத் தேவையில்லை.

பத்தமடைப் பாயை நினைத்துப் பாருங்கள். சாதாரணப் பாயும் கோரைதான், கல்யாணத்துக்குப் பெயர் போட்டு நெய்து வாங்குகிற பட்டுப் பாயும் கோரைதான். ஆனால் ஒன்றில் கோரையை அப்படியே வைத்து நெய்கிறார்கள், மற்றதில் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிசாகக் கிழித்து, இழை இழையாகப் பல வாரம் நெய்கிறார்கள். கையால் தடவினால் துணி மாதிரி இருக்கும், மடித்துப் பைக்குள் வைக்கலாம். பொருள் ஒன்று, போன உழைப்பு வேறு. பேஸ் கிடாரும் அப்படித்தான். அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸ் என்கிற மாடலைக் கொண்டுவந்தார், 1960-ல் ஜாஸ் பேஸ் வந்தது. ஒரு பலகை உடம்பு, திருகு போட்டு இணைத்த ஒரு நெக் (விரல் ஓடுகிற நீளக் கைப்பிடி), அதன் தலைமாட்டில் இருக்கிற நட்டிலிருந்து உடம்பில் இருக்கிற பிரிட்ஜ் வரை 34 இன்ச் நீளக் கம்பி. இன்றைக்குக் கடையில் தொங்குகிற பேஸ்களில் பெரும்பாலானவை அந்த இரண்டின் பிள்ளைகள்தான். பதினெட்டாயிரம் ரூபாய் பேஸும் அதே வடிவம், அமெரிக்காவில் செய்து இரண்டு லட்சத்தை ஒட்டி விற்கிற பேஸும் அதே வடிவம், நியூயார்க்கில் ஃபொடேரா மாதிரி பட்டறைகளில் ஆர்டர் கொடுத்துக் காத்திருந்து வாங்குகிற பேஸும் அந்த வழியில் வந்ததுதான். வித்தியாசம் முழுக்கச் செய்கிற விதத்தில் இருக்கிறது.

நெக்தான் எல்லாம்

யாராவது என்னிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள் என்று கேட்டால், நெக்கைப் பாருங்கள் என்பேன். நான்கு கம்பி இழுக்கிற இழுப்பு மட்டுமே எழுபது எண்பது கிலோ வரும். ஐந்து கம்பி என்றால் இன்னும் கூட. அந்த இழுப்பை ராத்திரி பகலாக ஒரு நீளமான மரத்துண்டு தாங்கிக்கொண்டு நிற்கிறது. விலை கூடிய பேஸில் அந்த மரத்தை நேர்ரேகை ஓடுகிற மாதிரி அறுத்து எடுக்கிறார்கள், நன்றாக உலர வைக்கிறார்கள், சிலர் மூன்று அல்லது ஐந்து துண்டுகளை ரேகை எதிரெதிராக வரும்படி ஒட்டுகிறார்கள், உள்ளே ட்ரஸ் ராடோடு (நெக்கின் வளைவைத் திருகிச் சரி செய்கிற இரும்புத் தண்டு) கிராஃபைட் தண்டுகளும் வைக்கிறார்கள். இது எதுவும் வெளியே பளபளப்பாகத் தெரியாது. ஆனால் நம்ம ஊருக்கு இதுதான் முக்கியம். மத்தியானம் மூன்று மணிக்கு வேனுக்குள் அடுப்பு மாதிரி வெந்துகொண்டிருக்கிற பேஸை ஆறு மணிக்கு ஏசி மண்டபத்தில் எடுத்து மாட்டுகிறோம். பத்து மணிக்கு ஆற்றங்கரைக் காற்றில் இன்னொரு மேடை. மலிவு நெக் இந்த மூன்று இடத்திலும் மூன்று விதமாக வளையும். சவுண்ட் செக்கில் சரியாக இருந்த கம்பி, கச்சேரி நடுவில் ஃப்ரெட்டில் உரசும்.

கடையில் இதைச் சோதிக்கிற விதம்: கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலாலும் கடைசி ஃப்ரெட்டில் இன்னொரு விரலாலும் அழுத்திப் பிடியுங்கள். அப்போது கம்பி ஓர் அடிக்கோல் மாதிரி ஆகிவிடும். ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு, அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர், இடைவெளி இருந்தால் நல்லது. இடைவெளியே இல்லை, அல்லது ரொம்பப் பெரிசு என்றால் உடனே ஒதுக்க வேண்டாம், ட்ரஸ் ராடைத் திருகிச் சரி செய்யலாம். கடைக்காரரிடம் சரி செய்யச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். ராட் திரும்பாமல் இறுகிக் கிடந்தாலோ, முழுக்கத் திருகியும் நெக் நேராகவில்லை என்றாலோ, அந்தப் பேஸ் எந்த விலைக்கும் வேண்டாம்.

அடுத்தது, செத்த இடம். பேஸ் வாசிக்கிற எல்லோரும் ஒருநாள் இதைச் சந்திப்பார்கள். ஜி கம்பியில், அதாவது இருப்பதிலேயே மெல்லிசான கம்பியில், ஐந்து, ஆறு, ஏழாவது ஃப்ரெட் பக்கம் ஏதோ ஓர் இடத்தில் மட்டும் சத்தம் "டும்" என்று தொடங்கி உடனே அடங்கிவிடும். பக்கத்து ஃப்ரெட்டில் ஏழெட்டு விநாடி நிற்கிற ஸ்வரம் அங்கே இரண்டு விநாடியில் போய்விடும். கை தப்பு இல்லை. நெக்குக்கென்று ஓர் அதிர்வு இருக்கிறது. கம்பியின் அதிர்வும் அதுவும் ஒத்துப்போகிற இடத்தில் கம்பியின் சக்தியை நெக் உறிஞ்சிவிடுகிறது. ஃபெண்டர் வடிவத்து பேஸ்களில் இது பரவலாக உண்டு, விலை கூடியதிலும் சிலவற்றில் உண்டு. அதனால்தான் மாடலைப் பார்த்து வாங்காமல் கையில் இருக்கிற அந்த ஒரு பேஸைப் பார்த்து வாங்க வேண்டும்.

சோதனை ரொம்ப எளிது. ஆம்ப்பில் போடாமல், அமைதியான மூலையில் உட்கார்ந்து, போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்துகொள்ளுங்கள். ஜி கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டிலிருந்து பன்னிரண்டு வரை, ஒவ்வொன்றாக, ஒரே விசையில் ஒரு தட்டு. சத்தம் அடங்குகிற வரை காத்திருந்து நேரத்தைக் குறியுங்கள். அப்புறம் டி கம்பி. பத்து நிமிஷ வேலைதான், ஆனால் பேஸின் குணம் அத்தனையும் வெளியே வந்துவிடும். நீங்கள் உண்மையில் எந்த ஸ்வரங்களில் வாசிக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். சர்ச்சில் டி மேஜரில் பாட்டு அதிகம் என்றால், ஏழாவது ஃப்ரெட்டில் இருக்கிற டி செத்துக் கிடந்தால் வாரம் தவறாமல் வலிக்கும். ஏற்கெனவே வாங்கிய பேஸில் இந்தக் குறை இருந்தால், நெக்கின் தலையில் ஒரு சின்ன க்ளாம்ப் மாட்டிப் பாருங்கள். எடை கூடினதும் செத்த இடம் கொஞ்சம் தள்ளிப் போய், அதிகம் வாசிக்காத ஸ்வரத்தில் உட்கார்ந்துகொள்ளலாம்.

ஐந்தாவது கம்பி, அதாவது கீழ் பி, விலையைப் பிரித்துக் காட்டுகிற இன்னொரு இடம். அதன் அதிர்வு வெறும் 31 ஹெர்ட்ஸ். மலிவு பேஸில் அந்தக் கம்பி துணி உலர்த்துகிற கொடி மாதிரி தொளதொளவென்று ஆடும், ஸ்வரம் எது என்றே காதுக்குப் பிடிபடாது. நல்ல பட்டறைகள் இதற்கு நெக்கையும் இணைப்பையும் விறைப்பாகச் செய்கிறார்கள், சிலர் கம்பி நீளத்தை 35 இன்ச் ஆக்குகிறார்கள். ஓர் இன்ச்தானே என்று தோன்றும். அதே கம்பி, அதே ஸ்ருதிக்கு இழுவிசை ஆறு சதவீதம் கூடும். விரலுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் கை சின்னதாக இருப்பவர்களுக்கு முதல் நான்கு ஃப்ரெட் எட்டாமல் போகும், அதையும் கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சோதிப்பது எப்படி: அதற்கு அடுத்த ஈ கம்பியை எங்கேயும் அழுத்தாமல் வாசியுங்கள், பிறகு பி கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட். இரண்டும் ஒரே ஸ்வரம். குரல் மாறலாம், ஆனால் இரண்டாவது மங்கலாகவும் குழைந்தும் வந்தால் அந்தப் பேஸின் ஐந்தாவது கம்பிக்குக் காசு கொடுக்கிறீர்கள், பயன்படுத்த மாட்டீர்கள். அதற்கு நல்ல நான்கு கம்பி பேஸே மேல்.

ஃப்ரெட் முனைகளை உள்ளங்கையால் நெக்கின் ஓரமாக மேலிருந்து கீழே தடவிப் பாருங்கள். குத்தக் கூடாது. மரம் உலர்ந்து சுருங்கும்போது உலோகம் சுருங்காது, முனைகள் வெளியே நீட்டிக்கொள்ளும். நம்ம ஊர் கோடையில் முதல் வருஷமே இது தெரிந்துவிடும். நல்ல பட்டறையில் ஒவ்வொரு முனையையும் கையால் உருட்டி விடுகிறார்கள். இருபது, இருபத்திரண்டு ஃப்ரெட், இரண்டு பக்கம், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டால் விலையில் ஒரு பங்கு எங்கே போகிறது என்று புரியும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உலகம் முழுக்க கிடார் விரல்பலகைக்குத் தேடித் தேடி வாங்குகிற ரோஸ்வுட் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான், இந்தியன் ரோஸ்வுட் என்றே பெயர். பட்டறைகளில் அந்தப் பெயரைப் பெருமையாகச் சொல்வார்கள். பொதிகை மலையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

பிக்கப், ப்ரீஆம்ப், மற்றவை

கோயில் கொடை மேடையைச் சுற்றி என்ன இருக்கும்? சீரியல் லைட், டியூப் லைட், பக்கத்திலேயே ஜெனரேட்டர். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற காந்தச் சுருள்தான் பிக்கப், ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு இது எல்லாமே எதிரி. "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் பாட்டு முழுக்க ஓடும். ஜாஸ் பேஸ் மாதிரி இரண்டு ஒற்றைச் சுருள் இருந்தால் இரண்டு வால்யூமையும் முழுசாக வைக்கும்போது இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், ஒன்றைக் குறைத்தால் திரும்ப வரும். விலை கூடிய பேஸில் அதே குரலை இரைச்சல் இல்லாமல் தருகிற பிக்கப் இருக்கும், உள்ளே குழி முழுக்கச் செம்புத் தகடோ மின்கடத்துகிற பெயின்டோ பூசியிருப்பார்கள். கடையில் டியூப் லைட்டுக்குக் கீழே நின்று, ஒவ்வொரு பிக்கப்பையும் தனியாகத் திறந்து, உடம்பை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். இரைச்சல் ஏறி இறங்குகிறது என்றால் கொடை மேடையிலும் அப்படித்தான்.

பேஸுக்குள்ளேயே பேட்டரி போடுகிற ஆக்டிவ் ப்ரீஆம்ப் (குரலைத் திருத்துகிற சின்ன சர்க்யூட்) நல்லது, மேடையிலேயே குரலை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பேட்டரி தீர்ந்தால் பேஸ் ஊமையாகிற மாடலை வாங்காதீர்கள். ஒரு சுவிட்சைத் தட்டினால் பேட்டரி இல்லாமலே ஓடுகிறதா என்று பேட்டரியைக் கழற்றிவிட்டே பாருங்கள். கேபிள் சொருகியிருக்கிற வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும், ராத்திரி மறக்காமல் உருவிவிடுங்கள்.

எடையை நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். பட்டையை மாட்டி இரண்டு கையையும் விடுங்கள். தலை தரையைப் பார்த்துச் சாய்ந்தால், கச்சேரி முழுக்க இடது கை அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வாசிக்கும், மணிக்கட்டு போய்விடும். நான்கு கிலோவுக்குள், சாயாமல் நிற்கிற பேஸ் வரம்.

உடம்பின் மேல் ஒட்டுகிற அலைஅலையான மரத் தகடு, தங்க முலாம் பூசிய ஸ்ருதிச் சாவிகள், விரல்பலகையில் பதித்த முத்துச்சிப்பி, இவையெல்லாம் கண்ணுக்கு. பிடித்திருந்தால் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் சத்தத்துக்கு என்று யாராவது சொன்னால் என் காதுக்கு அதில் எதுவும் கேட்டதில்லை. இறக்குமதி வரியும் வரி மேல் வரியும் விலையில் பெரிய பங்கு, அதுவும் சத்தத்தில் சேராது.

ஆம்ப்: வாட்டை நம்பாதீர்கள், பெட்டியைப் பாருங்கள்

வில்லுப்பாட்டில் குடம் வாசிக்கிறவரைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்திருக்கிறீர்களா? குடத்தின் வாயில் மட்டையால் ஓர் அடி. சின்ன அடிதான், ஆனால் அந்த "தொம்" கோயில் வாசல் தாண்டித் தெருமுனை வரை வரும். குடத்துக்குள் இருக்கிற காற்றும் அந்தக் குறுகின வாயும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட கீழ்ச் ஸ்வரத்தில் அதிர்கிறது. வாய் அகலமானால் ஸ்வரம் ஏறும், வயிறு பெரிசானால் இறங்கும். பேஸ் ஸ்பீக்கர் பெட்டியில் முன்னாலோ பின்னாலோ ஓட்டை வைத்திருக்கிறார்களே, அதுவும் இதே வேலைதான். பெட்டியின் அளவும் ஓட்டையின் அகலமும் நீளமும் அந்த ஸ்பீக்கருக்கு ஒத்துப்போக வேண்டும். விலை கூடிய கேபினட்டில் நீங்கள் வாங்குவது முக்கியமாக இந்தக் கணக்கை. மலிவுப் பெட்டியில் ஓட்டை பல நேரம் சும்மா ஒரு ஓட்டை.

இதில் பெட்டி செய்கிறவர்கள் இரும்பு விதி என்று ஒன்றைச் சொல்வார்கள். நல்ல கீழ்ச் சத்தம், குறைந்த வாட்டில் நிறையச் சத்தம், சின்னப் பெட்டி, இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். மூன்றும் தருகிறோம் என்று விளம்பரம் சொன்னால் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள்.

வாட் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இதில்தான் எல்லோரும் காசை விடுகிறார்கள். வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு "கொஞ்சம் கூட" என்கிற அளவு. காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் வாட் பத்து மடங்கு வேண்டும். ஆக 250 வாட் ஆம்ப்பை விற்று 500 வாட் வாங்குவதில் பெரிய லாபம் இல்லை. ஆனால் ஸ்பீக்கர் பெட்டியின் பின்னாலோ கையேட்டிலோ சென்சிட்டிவிட்டி என்று ஒரு எண் இருக்கும், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று. ஒரு பெட்டியில் 94, இன்னொன்றில் 100 என்றால், இரண்டாவது பெட்டி உங்கள் ஆம்ப்பை நான்கு மடங்கு பெரிசாக்கிவிட்டது என்று அர்த்தம். காசு இருந்தால் முதலில் பெட்டியில் போடுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சுடலைமாடன் கோயில் கொடையில். அப்போது என்னிடம் இருந்தது ஒரு மலிவு ஆம்ப், அட்டையில் பெரிய எழுத்தில் வாட் போட்டிருந்தது, அது நொடிப்பொழுது உச்சத்தின் கணக்கு, தொடர்ந்து தருகிற ஆர்.எம்.எஸ். கணக்கு அதில் கால்வாசிகூட இல்லை என்று அப்போது தெரியாது. மேளம் ஏற ஏற நானும் குமிழை ஏற்றினேன். சாமியாடி ஆடுகிற நேரம், பம்பையும் உறுமியும் உச்சத்தில், ஆம்ப் திணறி, ஒலி அலையின் உச்சியை வெட்டிச் சதுரமாக அடித்துக்கொண்டிருந்தது எனக்குக் காதில் விழவில்லை. திடீரென்று "பர்ர்" என்று பனையோலை கிழிகிற மாதிரி ஒரு சத்தம். காலையில் வலையைக் கழற்றிப் பார்த்தேன், ஸ்பீக்கர் கூம்பின் ஓரம் முக்கால் வட்டத்துக்குக் கிழிந்து தொங்கியது, சுருள் கருகின வாடை. நல்ல ஆம்ப்பில் இதற்குத் தடுப்பு உண்டு: திணறும் முன்னால் மெதுவாக அழுத்திப் பிடிக்கிற லிமிட்டர், 30, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற வீண் அசைவை வெட்டிவிடுகிற ஃபில்டர். அந்த அடி ஆழத்துச் சத்தம் காதுக்குப் பெரிசாகக் கேட்காது, ஆனால் கூம்பை முன்னும் பின்னும் அலைக்கழித்துக் கொல்வது அதுதான். வாங்கும்போது இந்த இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கரில் அந்த 41 வரவே வராது, அதன் இரண்டு மடங்கான 82-தான் வரும், மீதியை நம் மூளை நிரப்பிக்கொள்ளும். வீட்டில் கேட்க அது போதும். மேடையில் ட்ரம்ஸ் பக்கத்தில் நிற்கும்போது அது நெஞ்சில் இடிக்காது, தாளம் ஒட்டாது. கடையில் ஆம்ப்பைச் சோதிக்கும்போது பக்கத்தில் நிற்காமல் பத்தடி தள்ளி, முடிந்தால் வாசலுக்கு வெளியே போய்க் கேளுங்கள், கூட வந்தவரை வாசிக்கச் சொல்லுங்கள். கீழ் ஸ்வரங்கள் தூரத்தில்தான் உண்மை பேசும்.

ஓம் (கரண்டுக்குப் பெட்டி காட்டுகிற தடை) கணக்கு சுருக்கமாக: 8 ஓம் பெட்டி இரண்டைப் பேரலலாகச் சேர்த்து மாட்டினால் 4 ஓம் ஆகும். ஆம்ப்பில் "500 வாட், 4 ஓம்" என்று போட்டிருந்தால் ஒரே ஒரு 8 ஓம் பெட்டிக்கு ஏறக்குறைய பாதிதான் வரும். ஆம்ப் அனுமதிக்கிற குறைந்த ஓமுக்குக் கீழே ஒருநாளும் போகக் கூடாது.

ஒரு காலத்தில் பெரிய சத்தம் என்றால் பெரிய எடை. ஆம்பெக் கம்பெனியின் எஸ்.வி.டி. ஆம்ப் 1969-ல் வந்தது, 300 வாட், பதினான்கு வால்வு (பழைய ரேடியோவில் இருக்கிற கண்ணாடிக் குழாய்), ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் தலை மட்டுமே ஏறக்குறைய 40 கிலோ, எட்டு ஸ்பீக்கர் அடங்கிய அதன் பெட்டி 60 கிலோவுக்கு மேல். ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவினர் அந்த வருஷ அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அதைத்தான் எடுத்துப் போனார்கள். இன்றைக்கும் அந்த வால்வுக் குரலின் கதகதப்புக்கு நான் மயங்குவேன். ஆனால் கொடைக்குக் கொடை மினிவேனில் போகிற நமக்கு எடை குறைந்த கிளாஸ் டி வகை ஆம்ப்தான் கைகொடுக்கும். மூன்று கிலோவுக்குள் 500 வாட், தோள்பையில் வைத்துப் பஸ்ஸில் போகலாம். பெட்டியில் நியோடிமியம் காந்தம் இருந்தால் எடை இன்னும் இறங்கும், விலை ஏறும், முதுகுக்காக அந்தக் காசு கொடுக்கத் தகும். பெட்டி பிளைவுட்டா, தூள் அமுக்கின பலகையா என்று ஓட்டைக்குள் விரல் விட்டுப் பாருங்கள். தூள் பலகை ஒரு மழையில் ஊறி உப்பிவிடும்.

கரண்ட் விஷயம் நம்ம பக்கம் தனிக் கதை. கிராமத்துக் கம்பத்தில் சாயங்காலம் 180 வோல்ட், ஜெனரேட்டர் மாற்றினதும் திடுக்கென்று ஏறும். 100 முதல் 240 வோல்ட் வரை தானாகச் சமாளிக்கிற பவர் சப்ளை உள்ள ஆம்ப்புக்குக் கூடுதல் விலை கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவருகிற ஆம்ப் என்றால் பின்னால் எழுதியிருக்கிற வோல்ட்டைப் படிக்காமல் சொருகாதீர்கள், 110 வோல்ட் ஆம்ப் 230-ல் ஒரு நொடியில் போய்விடும். இன்னொன்று, உயிர் விஷயம்: இரைச்சல் வருகிறதென்று பிளக்கில் எர்த் பின்னை உடைக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். கையில் பேஸ் கம்பி, உதட்டில் மைக், இரண்டுக்கும் எர்த் வேறு என்றால் ஷாக் நேராக உடம்பு வழியாகத்தான் போகும். நல்ல ஆம்ப்பின் டி.ஐ. அவுட்டில் (மிக்சருக்குக் கேபிள் போகிற இடம்) கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், சிக்னல் கேபிள் வழியாக வருகிற இரைச்சலை அதுவே போக்கும், எர்த் பத்திரமாக இருக்கும்.

அந்த டி.ஐ. அவுட்டைப் பற்றியும் யோசித்துப் பாருங்கள். பெரிய சவுண்ட் சர்வீஸ் வருகிற கச்சேரியில் ஜனங்கள் கேட்பது உங்கள் பெட்டியை இல்லை, மிக்சர் வழியாகப் போகிற இந்த ஒரு கேபிளை. உங்கள் கச்சேரிகள் எல்லாமே அப்படி என்றால் பெரிய பெட்டியே வேண்டாம், சின்ன மானிட்டர் ஆம்ப்பும் நல்ல ப்ரீஆம்ப்பும் போதும், மிச்சக் காசைப் பேஸின் நெக்கில் போடுங்கள். சர்ச்சில் மட்டும் வாசிப்பவர்கள் ஆம்ப்பின் விசிறிச் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள். ஜெப நேரத்தில் நானூறு பேர் கண்மூடி அமைதியாக இருக்கும்போது "உஸ்ஸ்" என்று ஒரு விசிறி ஓடினால் வாசிப்பவருக்கே மனசு கேட்காது. சூடானால் மட்டும் சுற்றுகிற விசிறி உள்ளது வாங்குங்கள்.

கடைக்குப் போகிற அன்று

நம்ம ஊரில் விலை கூடிய பேஸ் வரிசையாகத் தொங்காது, பெரும்பாலும் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியிருக்கும். போகும்போது உங்கள் பேஸையும் தூக்கிக்கொண்டு போங்கள். புதுசை மட்டும் வாசித்தால் எல்லாமே அருமையாகத்தான் கேட்கும். இரண்டையும் ஒரே ஆம்ப்பில், எல்லாக் குமிழையும் நடுவில் வைத்து, ஒரே சத்தத்தில் மாறி மாறி வாசியுங்கள். புதுக் கம்பி காதை ஏமாற்றும், அதனால் உங்கள் பேஸுக்கும் ஒரு வாரம் முன்னால் புதுக் கம்பி மாட்டி, செட்டப் செய்துவிடுங்கள். ஒன்றிரண்டாயிரம் செலவு. கம்பி உயரம், நெக் வளைவு, ஸ்ருதி சுத்தம் மூன்றும் சரியானதும் பழைய பேஸே புதுசு மாதிரி இருக்கிறது என்று பாதிப் பேர் கடைக்குப் போகாமலே நின்றுவிடுவார்கள், அதுவும் நல்லதுதான். ராஜா சார் பாட்டில் பேஸ் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகுமே, அப்படிக் கீழும் மேலும் போய் வருகிற ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பேட்டர்னை அடித்துக்கொண்டிருந்தால் பேஸின் குறை வெளியே வராது.

ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை. ஸ்டாப்வாட்ச் சோதனை, விசிட்டிங் கார்டு, பி கம்பி, டியூப் லைட், பட்டை மாட்டிக் கையை விடுவது, இந்த ஐந்தும் முடித்த பிறகு விலைச் சீட்டைப் பாருங்கள், அதற்கு முன் பார்க்காதீர்கள். ஐம்பது, அறுபதாயிரம் ரூபாய் இந்தோனேசியா பேஸ் ஒன்று ஐந்திலும் தேறி, மூன்று லட்சம் ரூபாய் பேஸ் ஒன்று ஜி கம்பி ஆறாவது ஃப்ரெட்டில் தோற்றதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தப் பையன் அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்ததும் தன் பேஸோடு வீட்டுக்கு வந்தான். இரண்டு பேருமாகத் திண்ணையில் உட்கார்ந்து நெக்கை நேராக்கி, கம்பியை இறக்கி, ஸ்ருதி பார்த்தோம். பதினெட்டாயிரத்துக்கு அது நல்ல பேஸ்தான், பி கம்பி மட்டும் தொளதொள. அப்புறம் என் பேஸை அவன் மடியில் வைத்து ஸ்டாப்வாட்சைக் கொடுத்துவிட்டு நான் காப்பி போட உள்ளே போனேன். வெளியே ஒவ்வொரு ஸ்வரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது, நடுவில் நீளமான அமைதி. திரும்பி வந்தபோது பழைய நோட்டுத் தாளில் இரண்டு வரிசையாக எண்களை எழுதி வைத்திருந்தான். ஏழாவது ஃப்ரெட்டுக்கு நேரே, அவன் பேஸில் 3, என் பேஸில் 9. "இதுக்குத்தானா அண்ணாச்சி" என்று கேட்டுவிட்டு, மறுபடி அந்த ஃப்ரெட்டைத் தட்டி, காதை உடம்புப் பலகையில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.